நாலு தெரு, ஒரு ஊர்: லேகாக் கிராமத்துல சில நாள்

நாள் 1, புதன்

தம்பி வீட்டுக்கு வந்து மூணு நாள் ஆச்சு. இங்கிலாந்துல ஸ்விண்டன்ங்கற ஊர். இன்னும் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது, கீழ வந்து காபி போட்டு குடிச்சுட்டு ஜன்னல் வழியா தெருவ பாத்துட்டு உக்காந்திருக்கேன். "அக்கா லண்டன் போலாம், ஸ்டோன்ஹெஞ்ச் போலாம், நீ என்ன ஒரு கிராமத்த புடிச்சுக்கிட்டு நிக்கிற"ன்னு தம்பி கேக்குறான். எனக்கு லேகாக் பாக்கணும், அவ்ளோதான். ஆறேழு வருஷமா மனசுல இருக்குற ஊர்.

என் வேலை என்னன்னு தெரியாதவங்களுக்காக சொல்லிடுறேன், கும்பகோணத்துல வீட்டு பிளான் போட்டுக் குடுக்குறேன். அப்பா கொத்தனார். சுண்ணாம்புல வேலை கத்துக்கிட்டு சிமென்ட்ல வேலைய முடிச்சவரு. என்கிட்ட வர்ற பத்து பேர்ல ஆறு பேர் "பழைய ஓட்டு வீடு, இடிச்சுட்டு புதுசா கட்டணும்"னுதான் வருவாங்க. இப்பகூட ஊர்ல ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காரு, தாத்தா காலத்து வீடு, முற்றம் வச்சது, இந்த வாரத்துக்குள்ள பிளான் அனுப்புறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். லேப்டாப்ல பாதி வரைஞ்சு கிடக்கு.

சாயங்காலம் தம்பி பக்கத்துலயே ஒரு எடத்துக்கு கூட்டிட்டுப் போனான். ரயில்வே வில்லேஜ்னு பேரு. 1840கள்ல கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனி தன்னோட தொழிலாளிகளுக்குக் கட்டுன கல் வீடுங்க, வரிசை வரிசையா, சின்னச் சின்னதா. இப்ப அது கன்சர்வேஷன் ஏரியா, அதாவது தெருவோட மொத்தமா பாதுகாக்குற பகுதி, வீடுங்கள்லாம் லிஸ்டட் பில்டிங். லிஸ்டட்னா அரசாங்கப் பட்டியல்ல ஏறுன கட்டடம், இஷ்டத்துக்கு கைய வைக்க முடியாது. அரண்மனை இல்ல, கோயில் இல்ல, பட்டறைக்கு வேலைக்குப் போனவன் சாயங்காலம் வந்து படுத்த வீடு. அதையும் பட்டியல்ல வச்சிருக்காங்க. ஒரு வீட்டு வாசல்ல குழந்தையோட சைக்கிள் சாஞ்சு கிடந்துச்சு, இன்னொரு வீட்டுல யாரோ வெங்காயம் வதக்குற வாசனை. அங்கயே கொஞ்ச நேரம் நின்னுட்டேன்.

நாளைக்கு லேகாக்.

நாள் 2, வியாழன்

ஸ்விண்டன்ல இருந்து சிப்பன்ஹாம் வரைக்கும் ரயில்ல கால் மணி நேரம், அங்கேருந்து தெற்கால அஞ்சு கிலோமீட்டர் பஸ். டிரைவர்கிட்ட பேர சொன்னப்ப நான் "லாக்காக்"னு சொல்லிட்டேன், அவரு பொறுமையா "லேகாக்"னு திருத்திவிட்டாரு. வில்ட்ஷயர் மாவட்டம் இது.

எறங்குனதும் மொதல்ல தோணுனது, ஏதோ கொறையுதே, என்னன்னு தெரியலயே. ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. ஒயரே இல்ல. கம்பத்துக்கு கம்பம் ஓடுற கரண்ட் ஒயர், கேபிள், கூரைமேல ஆன்டெனா, ரோட்டோரத்துல மஞ்சக் கோடு, எதுவுமே கண்ணுல படல. ஒயர்லாம் மண்ணுக்கு அடியில போகுதாம். வானத்துக்கும் கூரைக்கும் நடுவுல ஒண்ணுமில்லாம ஒரு தெருவ பாத்து எத்தன வருஷம் ஆச்சு எனக்கு.

ஊர் மொத்தமே நாலு தெரு. ஹை ஸ்ட்ரீட், வெஸ்ட் ஸ்ட்ரீட், சர்ச் ஸ்ட்ரீட், ஈஸ்ட் ஸ்ட்ரீட், நாலும் சேர்ந்து ஒரு கட்டம். நம்ம கோயிலச் சுத்தி நாலு வீதி இருக்குமே அந்த மாதிரி மனசுல போட்டுக்கோங்க, ஆனா நடுவுல கோயில் கிடையாது, சர்ச் ஒரு ஓரமா இருக்கு. 13ஆம் நூற்றாண்டுல இங்க சந்தை கூட உத்தரவு கெடைச்சிருக்கு, அப்புறம் கம்பளி வியாபாரம், லண்டன்ல இருந்து மேக்கால போற வழிங்கறதால வர்ற போறவங்க கூட்டம், காசு. கம்பளி வியாபாரம் விழுந்தப்ப ஊர் அப்படியே நின்னுடுச்சு. ஊர் முழுக்க ஒரே டால்பாட் குடும்பத்து கையில இருந்ததால யாரும் துண்டு போட்டு வித்து இடிச்சு கட்டல. பெரும்பாலான வீடுங்க 18ஆம் நூற்றாண்டோ அதுக்கு முன்னாடியோதான்.

கடைசியா மட்டில்டா டால்பாட்ங்கற அம்மா, 1944ல, யுத்தம் நடந்துட்டு இருக்கும்போதே, இங்க இருக்குற பழைய கன்னியாஸ்திரி மடத்தையும் கிராமத்தையும் சேத்து, பழைய எடங்கள பாதுகாக்குற நேஷனல் டிரஸ்ட்ங்கற அமைப்புக்கு எழுதி வச்சுட்டாங்க. கிராமத்தையே! இன்னிக்கும் வீடுங்கள்ல குடியிருக்கறவங்க பெரும்பாலும் டிரஸ்ட்டுக்கு வாடகை கட்டுற குடித்தனக்காரங்கதான். மியூசியம்னு நெனச்சு வர்றவங்க நெறைய, ஆனா இங்க ஸ்கூல் இருக்கு, பேக்கரி இருக்கு, துணி காயுது. நான் போன நேரம் ஒரு வயசானவரு கதவத் தொறந்து பால் பாட்டில எடுத்துட்டு உள்ள போனாரு, பின்னாடியே பூனை.

சர்ச் ஸ்ட்ரீட் கடைசியில க்ரக் ஹவுஸ்னு ஒரு வீடு. இத கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா நான் அரை மணி நேரம் இதுக்கு முன்னாடிதான் நின்னேன். ஒரு மரத்த எடுத்துக்கோங்க, கீழருந்து மேல வரைக்கும் இயற்கையாவே வளைஞ்சு போன மரம். அத நடுவுல நீளவாட்டுல பொளந்தா ஒரே வளைவுல ரெண்டு துண்டு கெடைக்கும். அந்த ரெண்டையும் எதிரெதிர நிறுத்தி உச்சியில சேத்துட்டா, கைகூப்புன மாதிரி, தூணும் அதுதான் கூரை தாங்குறதும் அதுதான். தனியா சுவர் பாரம் தாங்க வேண்டியதில்ல. இந்த வீட்டுல பக்கத்துச் சுவர்லயே அந்த வளைவு வெளிய தெரியுது, கருப்பேறிப் போய், கீழ தொடங்கி கூரை வரைக்கும் ஒரே மரம். அந்த மரத்த காட்டுல பாத்ததுமே "இது வீடாகும்"னு ஒரு தச்சன் நெனச்சிருக்கான் பாருங்க.

கூரைய பாத்துட்டே நடந்தேன், ரெண்டு மூணு தடவ யார் மேலயோ மோதப் பாத்தேன். ஓடு மண் ஓடு இல்ல, கல்லச் சீவி செஞ்ச ஓடு. கீழ தாழ்வாரத்துல பெரிய பெரிய கல்லு, மேல போகப் போக சின்னதாகி முகட்டுல கை அளவு. பெரிய கல்லு கீழ இருந்தாத்தான் மேலருந்து சேந்து வர்ற தண்ணிய தள்ளிவிடும், மேல சின்னது இருந்தா பாரமும் கொறையும். அந்தக் கனத்துல நடுவுல கூரை கொஞ்சம் தொய்ஞ்சு போயிருக்கு, பழைய கட்டில் மாதிரி. யாரும் அத நேராக்கல. நேராக்கணும்னு அவசியமும் இல்ல, தொய்ஞ்சு தொய்ஞ்சு அது தன் எடத்துல ஒக்காந்துடுச்சு.

தசமபாகக் களஞ்சியம்னு ஒண்ணு இருக்கு, 14ஆம் நூற்றாண்டு. குடியானவங்க விளைச்சல்ல பத்துல ஒரு பங்க மடத்துக்கு அளக்கணும், அத சேத்து வைக்குற எடம். உள்ள போனா குளுகுளுன்னு, மரச் சட்டங்க மட்டும் தலைக்கு மேல. அதுக்கு ஒட்டினாப்ல ஒரு சின்ன கல்லறை மாதிரி, ஆனா அது ஒரு நாள் ராத்திரிக்கு குடிகாரங்கள அடைக்குற லாக்கப். ரெண்டு பேர் கைய நீட்டுனா சுவர் இடிக்கும்.

ஜார்ஜ் இன்ல மதியம் சாப்பிட்டேன். அங்க கணப்புக்குப் பக்கத்துல சுவத்து மேல ஒரு மரச் சக்கரம். அதுக்குள்ள நாய விட்டு ஓட வச்சு, அது ஓட ஓட அடுப்புல கம்பியில குத்துன இறைச்சி திரும்புமாம். அதுக்குன்னே குட்டைக் கால் நாய் வளத்திருக்காங்க. சக்கரத்த பாத்துட்டு எனக்கு சாப்பாடு உள்ள எறங்கல, பாவம் அந்த நாய், நெருப்பு பக்கத்துலயே மணிக்கணக்கா.

நாள் 3, வெள்ளி

இன்னிக்கு மடம். லேகாக் அபே.

இத கட்டுனது ஒரு பொம்பள. எலா, சாலிஸ்பரி சீமாட்டி. வீட்டுக்காரர் வில்லியம் லாங்ஸ்பே, ரெண்டாம் ஹென்றி ராஜாவோட மகன், முறைப்படி கல்யாணத்துல பொறக்காத மகன். அவரு 1226ல செத்ததும் வேற கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்னு இருந்துட்டாங்க எலா. வில்ட்ஷயருக்கு ஷெரீஃபாவே, அதாவது ராஜாவோட அதிகாரியாவே இருந்திருக்காங்க, அந்தக் காலத்துல! 1232ல இந்த மடத்துக்கு கல்லு வச்சு, அப்புறம் தானே கன்னியாஸ்திரியாகி இங்கயே தலைவியும் ஆனாங்க.

மூணு நூறு வருஷம் நடந்துச்சு. 1539ல எட்டாம் ஹென்றி மடங்கள மூடுனப்ப இதுவும் போச்சு. அடுத்த வருஷம் வில்லியம் ஷாரிங்டன்ங்கறவரு 783 பவுனுக்கு வாங்குனாரு. மடத்தோட சர்ச்ச இடிச்சு தள்ளிட்டாரு. ஆனா நடு முற்றத்தச் சுத்தி இருக்குற தாழ்வாரம், கன்னியாஸ்திரிங்க கூடுற அறை, குளிர் காயுற அறை இதெல்லாம் அப்படியே விட்டுட்டு மேல தன் மாளிகைய எழுப்பிட்டாரு. அதனாலதான் அதெல்லாம் தப்பிச்சுது, யாரும் பாதுகாக்கணும்னு நெனச்சுப் பண்ணல. தூக்கிப் போடுறதுக்கு செலவாகும், இருக்குறத உபயோகிச்சுக்கலாம்னு ஒரு கணக்கு, அவ்ளோதான். அந்தக் கணக்கு போடுற ஆளுங்கள நான் நெறைய பாத்திருக்கேன், எங்க ஊர்ல எத்தனையோ முற்றம் வச்ச வீடு இன்னும் நிக்குறது அவங்களாலதான்.

குளிர் காயுற அறையில ஒரு பெரிய வெண்கல அண்டா இருக்கு. 1500ல வார்த்தது. அந்த மடத்துல கன்னியாஸ்திரிங்க நெருப்பு பக்கத்துல ஒக்கார அனுமதி இருந்த எடம் இது ஒண்ணுதானாம். மே மாசத்துலயே எனக்கு ஸ்வெட்டர் பத்தல, அவங்க ஜனவரியில எப்படி இருந்திருப்பாங்கன்னு நெனச்சாலே கை மரத்துப்போகுது. தாழ்வாரத்துத் தரைக் கல்லு நடுவுல குழிஞ்சு போயிருக்கு. குனிஞ்சு உள்ளங்கைய வச்சுப் பாத்தேன். அம்மிக்கல்லு தேஞ்ச மாதிரி வழுவழுன்னு.

மாடியில தெற்கு காலரி. அங்கதான் அந்த ஜன்னல்.

1835 ஆகஸ்ட் மாசம் இந்த வீட்டுக்காரர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பாட் ஒரு சின்ன மரப்பெட்டிக்குள்ள உப்புத் தண்ணியும் வெள்ளி உப்பும் தடவுன காகிதத்த வச்சு, எதிர இருக்குற இந்த ஜன்னல படம் புடிச்சாரு. தபால் தலை அளவு காகிதம். உலகத்துல இன்னிக்கு கையில இருக்குற நெகட்டிவ்கள்லயே பழசு அதுதான். ஜன்னல்ல இருக்குற சின்னச் சின்ன கண்ணாடிக் கட்டம் சுமார் 200, பூதக்கண்ணாடி வச்சா எண்ணலாம்னு அவரே ஓரத்துல எழுதி வச்சிருக்காரு. 1833ல இத்தாலியில கோமோ ஏரிக்குப் போனப்ப படம் வரையப் பாத்து கை வராம மனசு ஒடிஞ்சு போய்த்தான், வெளிச்சமே தானா வந்து காகிதத்துல படிஞ்சா என்னன்னு யோசிச்சிருக்காரு. வீடு முழுக்க அங்கங்க அந்தப் பெட்டிய வச்சுடுவாராம். அவரு சம்சாரம் கான்ஸ்டன்ஸ் அதுக்கு வச்ச பேரு எலிப்பொறி.

நான் போய் ஜன்னலுக்கு முன்னாடி நின்னேன். சாதாரண ஜன்னல். ஈயப்பட்டையில கோத்த கண்ணாடி, வெளிய பச்சைப் புல்வெளி, ஆடு. எதிர்ச் சுவத்துல சின்னதா அந்தப் படத்தோட நகல். இதுல எனக்கு ரொம்ப புடிச்ச சங்கதி என்னன்னா, அந்த ஜன்னல் அப்ப ஒண்ணும் பழசு கிடையாது. படம் புடிக்கிறதுக்கு கொஞ்ச வருஷம் முன்னாடி டால்பாட்டே தெற்குப் பக்கத்த மாத்திக் கட்டுனப்ப வச்சது. 600 வருஷத்து கட்டடத்துல ஒருத்தரு தனக்கு வெளிச்சம் வேணும்னு ஜன்னல் போட்டாரு, அந்த ஜன்னல்தான் இப்ப தொடக்கூடாத பொக்கிஷம். அப்ப எதத் தொடலாம், எதத் தொடக்கூடாது? அங்க இருந்த வாலன்டியர் அம்மாகிட்ட இதையே கேட்டேன். எழுபது வயசு இருக்கும், ரொம்ப பொறுமையா பேசுனாங்க. "இங்க எதுவுமே தொடாம இருந்ததில்ல. தொடுறதுக்கு முன்னாடி நாலு பேர கேக்கணும், எழுதி வைக்கணும், அதுதான் வித்தியாசம்"னாங்க.

இந்த மடத்துல பல நூறு வருஷம் 1225ஆம் வருஷத்து மேக்னா கார்ட்டா பிரதி ஒண்ணு, ராஜாவோட அதிகாரத்துக்கு எல்லை போட்ட சாசனம் அது, பத்திரமா இருந்திருக்கு. மட்டில்டா அம்மா அதையும் நாட்டுக்கே குடுத்துட்டாங்க. அவங்களுக்கு ஒரு தனி கும்பிடு போட்டுட்டு வந்தேன்.

ராத்திரி ஊர்ல இருந்து போன். "மேடம் பிளான் ரெடியா, இடிக்குறவங்களுக்கு அட்வான்ஸ் குடுக்கணும்". ரெண்டு நாள் டைம் குடுங்கன்னு சொன்னேன். ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல, பிளான் முக்காவாசி முடிஞ்சுதான் இருக்கு.

நாள் 4, சனி

தம்பிக்கு லீவு. கார்ல காசில் கூம் போனோம், அவன், அவன் பொண்டாட்டி, பையன், நான். சிப்பன்ஹாமுக்கு வடமேற்கால. கார ஊருக்கு மேல நிறுத்திட்டு எறங்கி நடக்கணும்.

போற வழியெல்லாம் தம்பிய சட்டம் கேட்டு தொளச்சுட்டேன், அவன் ஆபீஸ்ல ஒருத்தர் லிஸ்டட் வீட்டுல இருக்காராம், அதனால அவனுக்கு அத்துப்படி. விஷயம் இதுதான். ரெண்டாம் உலக யுத்தத்துல குண்டு விழுந்து கட்டடங்க போனப்ப, இருக்குறதுல எது முக்கியம்னு ஒரு பட்டியல் வேணும்னு ஆரம்பிச்சு, 1947 சட்டத்துல அது உறுதியாச்சு. ஓரளவு பழைய நெலமையில இருக்குற 1700க்கு முந்தின கட்டடம் எல்லாம் பட்டியல்ல வந்துடும், 1850 வரைக்கும் உள்ளதுலயும் பெரும்பாலானது வந்துடும். மூணு படி, கிரேடு ஒன்னு, ரெண்டு ஸ்டார், ரெண்டு. பத்துல ஒம்பதுக்கு மேல ரெண்டாம் கிரேடுதான், அதாவது சாதாரண வீடு, கடை, தொட்டி, பாலம், சிகப்பு டெலிபோன் பூத் கூட.

ஆனா ஒரு வீட்ட மட்டும் காப்பாத்தி பக்கத்து வீட்ட இடிச்சுட்டா தெரு போயிடுமே. அதுக்குத்தான் 1967ல இன்னொரு சட்டம், கன்சர்வேஷன் ஏரியா. கட்டடம் கட்டடமா பாக்காம தெருவையும் ஊரையும் மொத்தமா பாக்குறது, சுவர், மரம், காலி எடம், பார்வை எல்லாம் சேத்து. மொதல்ல அறிவிச்சது லிங்கன்ஷயர்ல ஸ்டாம்ஃபோர்ட்ங்கற ஊர், அதே வருஷம். இப்ப இங்கிலாந்துல மட்டும் சுமார் 10,000 இருக்கு. அந்த எல்லைக்குள்ள ஒரு மரத்த வெட்டணும்னாகூட கவுன்சிலுக்கு ஆறு வாரம் முன்னாடி எழுதிக் குடுக்கணும். பெரிய மரம்னு இல்ல, ஒன்றரை மீட்டர் ஒசரத்துல அடிமரம் 75 மில்லிமீட்டர் பருமன் இருந்தா போதும், என் மணிக்கட்டவிட கொஞ்சம் பெருசு.

"அனுமதி இல்லாம கைய வச்சா ஃபைன் போடுவாங்களா?"ன்னேன். "ஃபைன் என்னக்கா, அது கிரிமினல் கேஸ். ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. பத்து வருஷம் கழிச்சு கண்டுபுடிச்சாலும் திருப்பி பழைய மாதிரி வைன்னு சொல்லலாம்"னான். வெளிப்பக்கம் மட்டும் இல்லயாம், உள்ள இருக்குற படிக்கட்டு, கதவு, கணப்பு எல்லாம் சேத்துதான் பட்டியல்.

அப்புறம் அவன் சொன்ன ஒண்ணு எனக்கு வயித்தெரிச்சலா போச்சு. புது வீடு கட்டுனா வாட் வரி பூஜ்யம். பழைய வீட்ட ரிப்பேர் பண்ணா 20 சதவீதம். இவ்வளவு சட்டம் போட்டு காப்பாத்துற நாட்டுல, ஒழுகுற கூரைய சரி பண்றவனுக்கு வரி, இடிச்சுட்டு கட்டுறவனுக்கு கிடையாது. இத மாத்தச் சொல்லி பாதுகாப்பு ஆளுங்க ரொம்ப வருஷமா கேட்டுட்டு இருக்காங்க. நியாயமான கேள்விதானே.

காசில் கூம் ரொம்ப அழகு, அதுல மாற்றுக் கருத்து இல்ல. தேன் கலர்ல சுண்ணாம்புக்கல் வீடுங்க ஒண்ணுக்கொண்ணு ஒட்டி எறக்கத்துல எறங்குது, கடைசியில பை ப்ரூக்ங்கற ஓடை, மேல கல் பாலம். நாலு கல் தூண் மேல ஓடு வேய்ஞ்ச சந்தை மண்டபம் 14ஆம் நூற்றாண்டு, படியில உக்காந்து சப்பாத்தி ரோல் சாப்பிட்டோம். சர்ச்சுக்குள்ள ஒரு பழைய கடிகாரம், முள்ளும் கிடையாது முகமும் கிடையாது, இரும்புச் சக்கரங்க மட்டும், மணி அடிச்சு நேரம் சொல்றதோட சரி. தம்பி பையன் "அப்ப எப்படி மணி பாக்குறது"ன்னு கேட்டான், "பாக்கவேணாம் கண்ணா, கேட்டா போதும்"னேன், அவனுக்கு அது ரொம்ப புடிச்சுப்போச்சு, நாள் பூரா சொல்லிட்டே இருந்தான்.

ஆனா கூட்டம். வீட்டு ஜன்னல்ல மூக்க வச்சு எட்டிப் பாக்குறாங்க, வாசப்படியில ஏறி நின்னு போட்டோ. ஒரு பெண்மணி மளிகைப் பையோட வந்து தன் வீட்டுக்குள்ள போறதுக்கே ரெண்டு நிமிஷம் நின்னாங்க, போஸ் குடுக்குறவங்க நகரட்டும்னு. எனக்கு சங்கடமாயிடுச்சு, போன உள்ள வச்சுட்டேன். எனக்கு லேகாக்தான் மனசுக்கு ஒட்டுது.

நாள் 5, திங்கள்

நேத்து மழை, வீட்டுலதான் இருந்தோம். ஒரு விஷயம் படிச்சேன். 1877ல வில்லியம் மாரிஸ்ங்கற கவிஞர், டிசைனர் ஆரம்பிச்ச ஒரு சங்கம், பழங்கட்டடப் பாதுகாப்புக்கு, இன்னும் நடக்குது. அந்தக் காலத்துல பழைய சர்ச்சுங்கள "புதுப்பிக்கிறோம்"னு சொல்லி சுரண்டி எடுத்து, இப்படித்தான் இருந்திருக்கும்னு கற்பனைக்கு கட்டிட்டு இருந்தாங்க. மாரிஸ் எதுத்தது இடிக்கறவங்கள மட்டும் இல்ல, அந்தப் புதுப்பிக்கறவங்களையும் சேத்துத்தான். அவரு சொன்ன வழி ரொம்ப எளிமையானது, தினப்படி கவனிச்சுக்கிட்டே இருந்து அழிவத் தள்ளிப்போடு. வாய்க்கால்ல இலை அடைச்சா எடு, ஒரு ஓடு நழுவுனா வை. எங்கப்பா மழைக்கு முன்னாடி வருஷா வருஷம் ஏணியப் போட்டு ஓடு மாத்துனது ஞாபகம் வந்துடுச்சு.

இன்னிக்கு மறுபடி தனியா லேகாக். சும்மா நடக்கத்தான் போனேன். சர்ச்சத் தாண்டி ஓடைப் பக்கம் போய், சின்ன கல் பாலத்து மேல ஏறி, தண்ணிக்குள்ள கார் எறங்கிப் போறத வேடிக்கை பாத்தேன். அப்புறம் ஊருக்கு வெளிய நடக்க ஆரம்பிச்சு ஒரு பண்ணை வீட்டுச் சுவர்கிட்ட நின்னுட்டேன், அங்க ஒருத்தர் வேலை பண்ணிட்டு இருந்தாரு. முட்டி போட்டு, உளியும் சின்னச் சுத்தியலும் வச்சு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்குற சிமென்ட்ட கொத்தி எடுத்துட்டு இருந்தாரு.

கிட்ட போய் பாத்தா சங்கதி வெளங்குச்சு. எப்பவோ யாரோ பழைய சுண்ணாம்புச் சுவருக்கு சிமென்ட்ல பாயிண்டிங், அதாவது கல் இடுக்க பூசி அடைக்குற வேலை, பண்ணியிருக்காங்க. சிமென்ட் அசையல, கல்லுதான் கரைஞ்சு போயிருக்கு. சிமென்ட் கோடு மட்டும் விலா எலும்பு மாதிரி துருத்திட்டு நிக்குது, நடுவுல கல்லு ரெண்டு விரக்கடை உள்ள போயிடுச்சு, தொட்டா மாவு மாதிரி உதிருது. சுவத்துக்குள்ள போற ஈரம் வெளிய வர்றதுக்கு ஒரு வழி வேணும். சுண்ணாம்புக் கலவை கல்லவிட மெதுவா இருக்கும், ஈரம் அது வழியா வந்து காயும், தேய்ஞ்சா கலவைதான் தேயும், பல வருஷத்துக்கு ஒரு தடவ மாத்திக்கலாம். சிமென்ட் வழிய அடைச்சுட்டா ஈரம் கல்லு வழியாத்தான் வரணும், பனிக் காலத்துல அது உறைஞ்சு உப்பி கல்லு மொகத்தையே உரிச்சுடும். கலவை சாகணும், கல்லு இருக்கணும். இவங்க தலைகீழா பண்ணிட்டாங்க.

அப்பா கொத்தனார்னு சொன்னதும் அந்த ஆளு மொகம் மாறிடுச்சு. எழுந்து வந்து ஒரு பழைய கலவைத் துண்ட என் கையில வச்சாரு. சுவத்துக்கு உள்ளாழத்துல இருந்து வந்தது, கட்டுன காலத்து கலவை. பழுப்பு மணலுக்கு நடுவுல வெள்ளை வெள்ளையா பொட்டு, அரிசி அளவுல, சில எடத்துல உளுந்து அளவுல. முழுசா கலக்காத சுண்ணாம்புக் கட்டி. நகத்தால கீறுனா வெண்ணெய் மாதிரி வருது. எனக்கு தொண்டை அடைச்சுடுச்சு. அப்பா இடிக்குற வீட்டுல இருந்து இதே மாதிரி ஒரு துண்ட எடுத்துட்டு வந்து, "பாரு, வெள்ளைப் பொட்டு இருந்தா அது சுண்ணாம்பு வேலை"ன்னு சொன்னது எனக்கு பத்து வயசுல. எங்கூர்ல கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணிய ஊத்துவோம்னு சொன்னேன், அவரு ரெண்டு தடவ திருப்பிக் கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டாரு.

பக்கத்துல புதுக் கலவை வச்ச எடம் இருந்துச்சு. கலவைய உள்ள திணிச்சு, கொஞ்சம் இறுகுனதும் கெட்டி மயிர் பிரஷ்ஷால தட்டுறாரு, தேய்க்கல, தட்டுறாரு. மேல்தோல் மூடாம மணல் வெளிய தெரியணும், அப்பத்தான் மூச்சு விடும். பிரஷ்ஷ என்கிட்ட குடுத்தாரு. நானும் ஒரு முழ நீளத்துக்கு தட்டுனேன், மொதல்ல கொஞ்சம் வேகமா அடிச்சுட்டேன், அவரு கையால மெதுவான்னு காட்டுனாரு. அப்புறம் ஒரு வாளியில கிடந்த சணல் சாக்க எடுத்து பிழிஞ்சு சுவத்து மேல தொங்கவிட்டாரு. வெயில்ல சீக்கிரம் காஞ்சுடக்கூடாது, தெனம் வந்து நனைக்கணும். ஈரச் சாக்கு வாசனை, சுண்ணாம்பு வாசனை, ரெண்டும் சேந்து வந்துச்சு. கண்ண மூடுனா எங்க வீட்டுத் திண்ணைதான்.

வேலை எவ்வளவு நாள்ல முடியும்னு கேட்டேன். இந்தச் சுவர் மட்டும் செப்டம்பர் வரைக்கும்னாரு, உறைபனி ஆரம்பிச்சா சுண்ணாம்பு வேலை செய்யக்கூடாது, அதுக்குள்ள முடிக்கணுமாம்.

பஸ் ஸ்டாப்புல உக்காந்து நகத்து இடுக்குல இருந்த சுண்ணாம்ப எடுத்துட்டே ஊருக்கு மெசேஜ் போட்டேன். "அண்ணா, பிளான் அனுப்பல. இடிக்குறவங்களுக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க. நான் 24ஆம் தேதி வந்துடுவேன், வீட்ட ஒரு தடவ உள்ள வந்து பாக்கணும், கூரைய, உத்தரத்த, அஸ்திவாரத்த. எவ்வளவு செலவுல சரி பண்ணலாம்னு ஒரு கணக்கு போட்டுத் தர்றேன், அதுக்கு ஃபீஸ் வேணாம். அப்புறம் உங்க இஷ்டம்."

ஊர்ல ராத்திரி ஒம்பதர மணி இருக்கும். ரெண்டு நீல டிக் வந்துச்சு. ரொம்ப நேரம் ஒண்ணும் வரல. பஸ் சிப்பன்ஹாம் வந்து சேந்தப்புறம்தான் பதில் வந்துச்சு.

"சரிம்மா வாங்க. சாவி எதிர் வீட்டு அத்தைகிட்ட இருக்கு. பின்கட்டுல மட்டும் பாத்து கால வைங்க, ஒரு உத்தரம் எறங்கியிருக்கு."